ஷெல்லில் முதல் அடி: நாம் அடிக்கும் வரியை ஷெல் எப்படிப் படிக்கிறது

ஷெல் என்பது நாம் தட்டச்சும் கட்டளைகளைப் படித்துக் கணினியை வேலை செய்ய வைக்கும் நிரல். அதைப் பழக வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு கட்டளைப் பட்டியலோடு வருகிறார்கள். நூறு கட்டளை, எதிரே நூறு விளக்கம். இரண்டு நாள் படிப்பார்கள், மூன்றாம் நாள் விட்டுவிடுவார்கள். நான் பழைய தமிழ் நூல்களை மின்னூலாக்கும் வேலை செய்கிறேன். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினல் தினமும் திறந்தேதான் இருக்கும். அப்படியும் நான் அன்றாடம் தொடுகிற கட்டளைகள் இருபதைத் தாண்டாது. எனக்கு உண்மையில் கைகொடுத்தது பட்டியல் அல்ல. நான் அடித்த ஒரு வரியை ஷெல் எந்த வரிசையில் பிரித்துப் படிக்கிறது என்ற புரிதல்தான். இந்த வழிகாட்டி முழுக்க அதைச் சுற்றியே போகும்.

இதன் முதல் வடிவம் ஃபோனில் சொன்னது. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் அக்கா மகளுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க. அதனால் கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். எல்எஸ் என்று இருந்தால் அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளையும் சிறிய எழுத்தில் சேர்த்து அடியுங்கள். கேட், ஹெட், சார்ட் மாதிரி முழுச் சொல்லாக வருபவற்றை ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை எழுதுகிறபடியே அடியுங்கள். எழுத்து மாறுகிற இடத்தில் சொல்லிவிடுகிறேன். இடைவெளியும் குறிகளும் இங்கே இருக்கிறபடியே இருக்க வேண்டும். கோப்புப் பெயர்கள் மட்டும் தமிழில்தான். லினக்ஸ், மேக் இரண்டுக்கும் மூதாதையான யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் அதற்கு எந்தத் தடையும் இல்லை.

திறப்பது

உபுண்டு என்ற லினக்ஸில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் வரும். மேக்கில் கமாண்ட் விசையோடு இடைவெளி விசையை அழுத்தி டெர்மினல் என்று தேடுங்கள். விண்டோஸில் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால் என்று கொடுத்துக் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் உள்ளேயே ஒரு உபுண்டு கிடைத்துவிடும். கணினியே இல்லையென்றால் ஆண்ட்ராய்டு ஃபோனில் டெர்மக்ஸ் போட்டுக்கொள்ளலாம். இங்கே சொல்வதில் பெரும்பாலானவற்றை அதிலும் செய்து பார்க்கலாம்.

டெர்மினல் என்பது வெறும் ஜன்னல். அதற்குள் உட்கார்ந்து நாம் அடிப்பதைப் படிப்பதுதான் ஷெல். லினக்ஸில் பெரும்பாலும் அது பாஷ். குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-ல் வெளிவந்தது. மேக்கில் 2019 முதல் இயல்பாக வருவது இசட்ஷெல். ஆரம்பப் பாடத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கட்டளைகள் ஏன் இப்படி மொட்டை மொட்டையாக இரண்டு எழுத்தில் இருக்கின்றன என்று எல்லோரும் கேட்பார்கள். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது அவர்கள் முன் திரை கிடையாது, டெலிடைப் எந்திரம்தான். அந்தக் காலத்து மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துதான் காகிதத்தில் அடிக்கும், விசைகளும் அழுத்தக் கடினம். ஒவ்வொரு எழுத்தும் விரலுக்கு வேலை. அதே காரணத்தால்தான் வேலை சரியாக முடிந்தால் யூனிக்ஸ் கட்டளைகள் எதுவும் பேசுவதில்லை.

திரையில் வரும் வரியின் கடைசியில் $ இருக்கும், மேக்கில் %. அது ஷெல் “சொல்லுங்கள்” என்று காத்திருக்கும் இடம். அதை நாம் அடிக்கக் கூடாது. அந்த இடத்தில் # இருந்தால் நிர்வாகி அதிகாரத்தில் இருக்கிறீர்கள். பழகுகிற நாளில் அங்கே இருக்காதீர்கள்.

எங்கே நிற்கிறோம்?

முதலில் இதை அடித்து என்டர் தட்டுங்கள்:

பிடபிள்யூடி

நீங்கள் இப்போது எந்தக் கோப்புறைக்குள் நிற்கிறீர்கள் என்று சொல்லும். ஷெல்லில் எப்போதும் ஏதோ ஒரு கோப்புறைக்குள் நின்றுகொண்டுதான் பேசுகிறோம். மரத்தின் வேர் / என்ற ஒற்றைக் குறி. அங்கிருந்து கிளைகள் பிரிகின்றன. உங்கள் வீட்டுக் கோப்புறைக்கு ~ என்று செல்லப் பெயர்.

எல்எஸ்

இங்கே என்னென்ன இருக்கின்றன என்று காட்டும். எல்எஸ் -எல் என்றால் அளவு, தேதி, அனுமதியோடு. எல்எஸ் -ஏ என்றால் பெயர் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புகளையும் சேர்த்து.

இப்போது பழக ஓர் இடம் செய்துகொள்வோம்:

எம்கேடிஐஆர் பயிற்சி
சிடி பயிற்சி

முதல் வரியை அடித்ததும் அக்கா மகள், “சித்தி, ஒண்ணுமே வரலையே” என்றாள். “ஒண்ணும் வரலைன்னா நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம்டி” என்றேன். சந்தேகம் இருந்தால் எல்எஸ் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். சிடி என்பது உள்ளே போவது. சிடி .. என்றால் ஒரு படி மேலே. வெறும் சிடி என்றால் நேரே வீட்டுக்கு. சிடி - என்றால் கடைசியாக நின்ற இடத்துக்கு.

நீளமான பெயரை முழுதும் அடிக்காதீர்கள். முதல் இரண்டு எழுத்தைப் போட்டு டேப் விசையைத் தட்டினால் மீதியை ஷெல் நிரப்பும். நிரப்பவில்லையென்றால் அந்தப் பெயரில் அங்கே ஏதுமில்லை, அல்லது ஒன்றுக்கு மேல் இருக்கிறது. டேப் விசைக்கு வேகத்தைவிடப் பிழை காட்டும் குணம்தான் முக்கியம். தமிழ்ப் பெயர்களுக்கும் இது வேலை செய்யும். சில டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம். திரையில்தான் அப்படி, கோப்பில் எழுத்து சரியாகவே இருக்கும்.

ஒரு வரியின் உள்ளே

இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். நாம் என்டர் தட்டியதும் ஷெல் அந்த வரியை இடைவெளி இருக்கும் இடங்களில் வெட்டுகிறது. முதல் துண்டு கட்டளையின் பெயர். மற்றவை அதற்குக் கொடுக்கும் பொருள்கள். - போட்டு வருபவை அது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் விருப்பங்கள். இதைச் செய்து பாருங்கள்:

எம்கேடிஐஆர் புது பாடல்
எல்எஸ்

“புது பாடல்” என்று ஒரு கோப்புறை வந்திருக்காது. “புது” ஒன்று, “பாடல்” ஒன்று என்று இரண்டு வந்திருக்கும். ஷெல்லுக்கு இடைவெளிதான் கத்தி. வெட்ட வேண்டாம் என்றால் மேற்கோளுக்குள் வையுங்கள்:

எம்கேடிஐஆர் 'புது பாடல்'

அடுத்தது நட்சத்திரக் குறி. டச் என்ற கட்டளையால் மூன்று வெற்றுக் கோப்புகளை உண்டாக்குவோம்:

டச் இயல்1 இயல்2 இயல்1பழைய
எக்கோ இயல்*

எக்கோ என்பது கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் கட்டளை, அவ்வளவுதான். ஆனால் திரையில் இயல்* என்று வராது. இயல் என்று தொடங்கும் மூன்று பெயர்களும் வரும். அவற்றைத் தேடி எடுத்தது எக்கோ அல்ல, ஷெல். கட்டளை ஓடுவதற்கு முன்பே * இருந்த துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருந்துகிற பெயர்களை வைத்துவிட்டது. கட்டளைக்கு நட்சத்திரம் வந்ததே தெரியாது.

இது தெரியாமல் போனதால் எனக்கு ஒரு முறை பதினெட்டு நாள் உழைப்பு போயிற்று. மெய்ப்புப் பார்த்து முடித்த ஒரு நூலின் இயல்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருந்தன. பெயர் “பழைய” என்று முடியும் கோப்புகளை மட்டும் அழிக்க நினைத்தேன். அடிக்க வேண்டியது:

ஆர்எம் *பழைய

நள்ளிரவு தாண்டி நான் அடித்தது:

ஆர்எம் * பழைய

நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரே ஒரு இடைவெளி. ஷெல் அந்த இடத்தில் வெட்டியது. தனியாக நின்ற * அங்கிருந்த அத்தனை கோப்புகளின் பெயராகவும் விரிந்தது. எல்லாம் அழிந்தன. திரையில் வந்தது ஒரே வரிதான்: “பழைய” என்ற பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்று. அதைப் படித்துவிட்டு எதுவும் அழியவில்லை என்றே நினைத்தேன். எல்எஸ் அடித்தபோதுதான் கோப்புறை காலி என்று தெரிந்தது. ஆர்எம் அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போகாது. திரும்ப எடுக்க வழியில்லை. என்னிடம் இருந்த காப்புப் பிரதி பதினெட்டு நாள் பழையது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன், நீங்களும் முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரத்தோடு எதையும் அழிப்பதற்கு முன்னால் அதே வரியை எக்கோ போட்டு ஓட்டுங்கள்:

எக்கோ *பழைய

வருகிற பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். சரியென்றால் மேல் அம்பு விசையை அழுத்துங்கள். அதே வரி திரும்ப வரும். கன்ட்ரோல் ஏ வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும். எக்கோவை ஆர்எம் ஆக்கி என்டர் தட்டுங்கள். ஆர்எம் -ஐ என்று கொடுத்தால் ஒவ்வொன்றாகக் கேட்டும் அழிக்கும்.

மற்ற இரண்டு எளிது. சிபி இயல்1 நகல் என்றால் பிரதி எடுக்கும், கோப்புறை முழுக்க வேண்டுமானால் சிபி -ஆர். எம்வி இயல்2 இயல்3 என்றால் பெயர் மாற்றும். கடைசியில் வருவது ஏற்கெனவே உள்ள கோப்புறையானால் அதற்குள் நகர்த்தும். இரண்டுமே, அந்தப் பெயரில் வேறு கோப்பு இருந்தால் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். இங்கேயும் -ஐ உதவும்.

படிப்பது

சின்னக் கோப்பென்றால் கேட், அதாவது சி, ஏ, டி. பெரியதென்றால் லெஸ். லெஸ்ஸில் இடைவெளி விசை அடுத்த பக்கம், / போட்டு ஒரு சொல்லை அடித்தால் தேடும், க்யூ அழுத்தினால் வெளியே வரும். ஹெட் முதல் 10 வரி, டெயில் கடைசி 10 வரி. எந்தக் கட்டளைக்கும் கையேடு வேண்டுமானால் முன்னால் மேன் சேருங்கள்: மேன் எல்எஸ். அதுவும் லெஸ் மாதிரிதான் திறக்கும், க்யூவில்தான் மூடும். கையேட்டை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. / போட்டு வேண்டிய விருப்பத்தைத் தேடிப் படித்தால் போதும்.

கோப்புக்குள் திருப்பிவிடுவது

எக்கோ தமிழ் > சொல்
டபிள்யூசி -சி சொல்
டபிள்யூசி -எம் சொல்

> என்ற குறி திரைக்கு வர வேண்டியதைக் கோப்புக்குத் திருப்பிவிடுகிறது. டபிள்யூசி என்பது எண்ணும் கருவி. -சி போட்டால் பைட்டுகளை எண்ணும், -எம் போட்டால் எழுத்துக் குறிகளை. முதலில் 16 என்று வரும், அடுத்து 6. “தமிழ்” என்பதில் நாம் எண்ணுவது மூன்றே எழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோட் குறிகள். யூனிகோட் என்பது உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் முறை. எக்கோ கடைசியில் சேர்க்கும் வரி முடிவோடு ஆறு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஐந்து மூன்று பதினைந்து, வரி முடிவுக்கு ஒன்று, ஆகப் பதினாறு. தமிழ்க் கோப்புகளோடு வேலை செய்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பின்னால் உதவும்.

> போட்டால் கோப்பில் முன்பு இருந்தது போய்விடும். அடியில் சேர்க்க >> போடுங்கள். ஒரு கோப்பை அகரவரிசைப்படுத்தி அதே பெயரில் வைக்கலாம் என்று பலரும் சார்ட், அதாவது எஸ், ஓ, ஆர், டி, என்ற கட்டளையை இப்படி அடிப்பார்கள்:

சார்ட் பட்டியல் > பட்டியல்

கோப்பு வெறுமையாகிவிடும். சார்ட் மேல் தவறில்லை. > வந்தால் ஷெல் முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திறந்து துடைத்துவிடுகிறது. அதன் பிறகுதான் சார்ட்டை ஓட்டுகிறது. சார்ட் படிக்கப் போகும்போது உள்ளே எதுவும் இல்லை. வேறு பெயரில் எழுதி, பார்த்துவிட்டு, எம்வி செய்யுங்கள்.

குழாய் வைப்பது

பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பில், தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களைச் சேர்க்க வழி வேண்டும் என்று எழுதினார். 1973-ல் தாம்சன் அதை யூனிக்ஸில் கொண்டுவந்தார். அதுதான் | என்ற குறி. இடப்பக்கக் கட்டளை சொல்வதை வலப்பக்கக் கட்டளையின் வாயில் ஊற்றும்.

உதாரணத்துக்குத் திருக்குறளை எடுத்துக்கொள்வோம். வெறும் பாடல் மட்டும், எண்ணோ தலைப்போ வெற்று வரியோ இல்லாமல், “குறள்” என்ற கோப்பில் இருக்கட்டும். பெயரின் பின்னால் கோப்பு வகையைக் காட்டும் ஒட்டு எதுவும் வேண்டாம், யூனிக்ஸ் அதைக் கேட்பதில்லை. 1330 குறள், குறளுக்கு இரண்டு அடி. ஆக,

டபிள்யூசி -எல் குறள்

2660 வர வேண்டும். குறைந்தால் எங்கோ அடி விட்டுப்போயிருக்கிறது. 2659 என்று ஒன்று மட்டும் குறைந்தால் பதற வேண்டாம். டபிள்யூசி எண்ணுவது வரிகளை அல்ல, வரி முடிவுகளை. கடைசி அடிக்குப் பின் என்டர் இல்லாமல் இருந்தாலும் ஒன்று குறையும். டெயில் போட்டுக் கடைசி அடி இருக்கிறதா என்று பாருங்கள். சீர் பிரித்து அடித்த பதிப்பானால் டபிள்யூசி -டபிள்யூ குறள் என்பது குறளுக்கு ஏழு சீர் வீதம் 9310 காட்ட வேண்டும். கண்ணால் மெய்ப்புப் பார்க்கத் தொடங்கும் முன் இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டால் பெரிய ஓட்டைகள் வெளிப்பட்டுவிடும்.

இப்போது அடிக்கடி வரும் சீர்கள் எவை என்று கேட்போம். ஒரே மூச்சில் அடிக்காதீர்கள். ஒவ்வொரு | சேர்த்த பிறகும் ஓட்டிப் பார்த்து, மேல் அம்பு தட்டி அடுத்ததைச் சேருங்கள். முழு வரி:

டிஆர் -எஸ் ' ' '\என்' < குறள் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட்

< என்பது கோப்பை உள்ளே ஊட்டுகிறது. டிஆர் இடைவெளிகளை வரி முடிவாக மாற்றுகிறது, ஒரு வரிக்கு ஒரு சீர் கிடைக்கும். சார்ட் ஒரே மாதிரிச் சீர்களைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவருகிறது. யூனிக், அதாவது யு, என், ஐ, க்யூ என்ற நான்கே எழுத்து, அடுத்தடுத்து வரும் ஒரே வரிகளைத்தான் ஒன்றாக்கும். அதனால்தான் அதற்கு முன் சார்ட் கட்டாயம். -சி எத்தனை முறை வந்தது என்று முன்னால் எழுதும். கடைசி சார்ட் எண் மதிப்பில் பெரியதிலிருந்து அடுக்குகிறது. இடைவெளியும் \என் குறியும் ஷெல்லின் கத்திக்குத் தப்பத்தான் மேற்கோளுக்குள் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. லினக்ஸில் உள்ள டிஆர் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. இடைவெளிக்கு ஒரே பைட் என்பதால் இங்கே தொந்தரவு இல்லை. தமிழ் எழுத்துகளை மாற்ற டிஆரைத் தொடாதீர்கள், கோப்பு கெட்டுவிடும்.

தேடுவதற்குக் கிரெப். ஜி, ஆர், இ, பி என்று நான்கு எழுத்து.

கிரெப் -என் 'அற' குறள்

வரி எண்ணோடு வரும். ஆனால் அறம் மட்டும் வராது, அறிவும் வரும். “றி” என்பது ற என்ற குறியும் இகரக் குறியுமாகத்தானே கோப்பில் இருக்கிறது? “அற” அதற்குள் முழுசாக இருக்கிறது. ஆகவே தமிழில் தேடும்போது அடுத்த மெய்யையும் சேர்த்துத் தேடுங்கள்: 'அறம்', 'அறத்'.

இன்னொரு சிக்கல் என்னை ஒரு மாலை முழுதும் அலைக்கழித்தது. திரையில் “கொடை” தெளிவாகத் தெரிகிறது, கிரெப் இல்லை என்கிறது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டும் கலந்து கிடக்கும். சந்தேகமான எழுத்தைக் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டி எண்ணிப் பாருங்கள்:

எக்கோ கொ | டபிள்யூசி -சி

7 வந்தால் ஒரே குறி. 10 வந்தால் பிரிந்து கிடக்கிறது. முன்னால் போட்ட பைட் கணக்கு இங்கேதான் உதவியது.

சில விசைகள்

ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தக் கன்ட்ரோல் சி. அதனால் டெர்மினலில் நகலெடுக்க லினக்ஸில் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். எதுவுமே நடக்காமல் நின்றால் பெரும்பாலும் கட்டளை உங்களிடமிருந்து எழுத்தை எதிர்பார்க்கிறது என்று பொருள். போதும் என்று சொல்லக் கன்ட்ரோல் டி. முன்பு அடித்த வரியைத் தேடக் கன்ட்ரோல் ஆர் அழுத்தி நினைவில் உள்ள துண்டை அடியுங்கள்.

சூடூ, அதாவது எஸ், யு, டி, ஓ, ஒரு கட்டளையை நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும். இணையத்தில் கண்ட வரியை, அதன் ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது என்று தெரியாமல் சூடூவோடு ஒட்டாதீர்கள். இதில் நான் கறாராகவே இருப்பேன்.

அடித்ததைச் சேமிப்பது

மேலே கட்டிய நீளமான வரி திரும்பத் திரும்ப வேண்டியிருந்தால் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளலாம். நானோ என்ற திருத்தியில் நானோ எண்ணு என்று திறந்து, அந்த வரியை ஒட்டி, குறள் என்ற பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் $1 என்று மாற்றுங்கள். கன்ட்ரோல் ஓ சேமிக்கும், கன்ட்ரோல் எக்ஸ் மூடும். பிறகு:

பாஷ் எண்ணு குறள்

$1 இருக்கும் இடத்தில் நீங்கள் கொடுத்த முதல் பெயர் வந்து உட்காரும். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் எண்ணும்.

அக்கா மகளுக்கு இந்த வரியைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டாள். தன் கல்லூரிக் கட்டுரையைக் கொடுத்தாளாம், “ஆம்பிகுவஸ் ரீடைரக்ட்” என்று வருகிறதாம். “கோப்புக்கு என்னடி பேரு?” என்றேன். “கடைசி வடிவம், சித்தி. மேற்கோளுக்குள்ளதான் போட்டேன்.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “இருங்க சித்தி, உள்ள $1 வந்து உட்கார்ந்தப்புறம் மறுபடி வெட்டுது, அதானே? அங்கயும் மேற்கோள் போடணும்.” திருத்தியில் < "$1" என்று இரட்டை மேற்கோள் போட்டுச் சேமித்தாள். ஒற்றை மேற்கோள் போட்டிருந்தால் $1 விரிந்திருக்காது. அதை நான் சொல்வதற்கு முன்பே, தன் கட்டுரையில் அதிகம் வந்த பத்துச் சொற்களையும் எனக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டாள்.